ராத்தா வெயிலில் போட்ட பூசணம்

நனைந்த சணல் சாக்கைப் பார்த்தால் எனக்கு இன்றும் சிரிப்பு முந்திக்கொண்டு வரும். குடவாசலுக்குப் பக்கத்தில் ராத்தா வீட்டு மாட்டுக்கொட்டகை மூலையில் அப்படி ஒன்று கிடந்தது. ராத்தா என் கூடப்பிறந்த அக்கா. பருப்பில் ஒரு வண்டு தெரிந்தாலும் மொத்த டப்பாவும் மொட்டைமாடிக்குப் போய்விடும். வெயிலில் போட்டால் தீராத கேடு உலகத்தில் இல்லை என்பது அவள் கட்சி.

மச்சான் துபாயை விட்டு வந்து, சம்பா அறுத்த வயலில் கோடைப் பருத்தி போட ஆரம்பித்திருந்தார். முதல் வருஷமே சித்திரை வெயிலில் பூவும் பிஞ்சுமாகக் கொட்டிப்போய் மனிதர் நொந்துவிட்டார். “இந்த வருஷமும் கொட்டுச்சுன்னா திரும்ப விசா எடுக்க வேண்டியதுதான்” என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். ராத்தா சோறு இறங்காமல் எழுந்துபோனாள். பிள்ளைகள் பிறந்த சேதியையே போனில் கேட்டவர் அவர். இன்னொரு முறை அனுப்ப அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

வேளாண்மை அலுவலர் ஒரு வழி சொன்னார். வேரைச் சுற்றி வாழ்கிற நல்ல பூஞ்சை ஒன்று உண்டாம். அது இருந்தால் வேர் நன்றாக ஓடும், செடியும் வெயிலைக் கொஞ்சம் தாங்கும். தூளாகக் கிடைப்பதை மக்கிய எருவில் கலந்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடினால் பெருகும். மச்சான் அப்படியே செய்தார். வீட்டில் மட்டும், “எரு ஊறுது, சாக்கு காயாம தண்ணி தெளி” என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூருக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

தண்ணீர் தெளிக்கப்போன ராத்தா சாக்கைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். எரு முழுக்க வெள்ளையும் பச்சையுமாய்ப் பூசணம்! பதறிப்போய் எல்லாவற்றையும் அள்ளி வாசல் சிமெண்டுத் தரையில் பரப்பிவிட்டாள். பங்குனி வெயில் சும்மா விடுமா? நான் போனபோது, பெரிய நஷ்டத்தைத் தடுத்துவிட்ட பெருமிதத்தில் அவள் எருவைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த மச்சான் பார்த்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், சிரிப்புதான் வந்தது. “வெயில் தாங்கணும்னு வளத்ததையே வெயில்ல போட்டு வறுத்துட்டியேடி!” விஷயம் புரிந்ததும் ராத்தா அழுதுவிட்டாள். “அப்ப நீங்க போயிருவீங்களா?”

“நீதானே வறுத்த, நீயே வளத்துக் குடு. அப்புறம் பாப்போம்.”

மறுநாளே புதுத் தூள் வந்தது. கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டாள் ராத்தா. கோழியைக்கூட அந்தப் பக்கம் அண்டவிடவில்லை. சித்திரையில் பூ கொட்டவே இல்லை என்று சொல்லமாட்டேன். கொட்டியதைவிட நின்றது அதிகம். பூஞ்சை பாதி, நேரத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் பாதி என்பார் மச்சான். முழுக்கத் தன்னால்தான் என்பாள் ராத்தா. விசாப் பேச்சு அதோடு போயிற்று.

போன வாரம் அங்கே போயிருந்தேன். அதே மூலையில் ஈரச்சாக்கு. ராத்தா ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக வயல் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

“ஏங்க! நல்லாப் பூசணம் புடிச்சிருக்கு, வந்து பாருங்க!”

பருத்திக்கு நடுவிலிருந்து மச்சானின் குரல் வந்தது. “இதோ வர்றேன்.”