அம்மனுக்கு நெய்த சேலை

எழுபதுகளின் கடைசி அது. நான் சங்கரன்கோவிலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கோடை விடுமுறையில் எங்கள் சபைப் பெண்கள் ஒரு கூட்டமாக வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையில் முகாம் போட்டோம். கூடாரம், அரிசி, பருப்பு, ஸ்டவ் எல்லாம் மலையேறின. கூடவே ஆர்மோனியப் பெட்டியும். அதைத் தூக்கி வந்தவர்கள் வழிநெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஆர்மோனியம் என் யோசனை.

என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தியும் வந்திருந்தாள். தங்கமான மனுஷி, ஆனால் சில விஷயங்களில் அசைக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் யாராவது கோயில் பொங்கல் கொண்டுவந்தால் கையைக் கட்டிக்கொள்வாள். "படைச்சதை நான் சாப்பிட மாட்டேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க" என்று சிரித்தபடியே சொல்லிவிடுவாள். எனக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

முகாமில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு 'அமைதி வேளை' என்று ஒன்று உண்டு. ஆளுக்கொரு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு தனித்தனியாகப் போய் உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும். ஒருவர் ஜெபிக்கும் இடத்துக்கு இன்னொருவர் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது. தோழி நல்ல இடம் தேடி ஓடையைத் தாண்டி அக்கரைக்கே போய்விட்டாள். ஓடையில் அப்போது கணுக்கால் நனைகிற தண்ணீர்தான்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து "ஆண்டவரே! ஆண்டவரே!" என்று அழுகைக் குரல் கேட்டது. எங்கள் சபையில் கண்ணீர் விட்டுச் சத்தமாக ஜெபிப்பது சாதாரணம். அதனால் எல்லோருக்கும் கேட்டும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. 'என்னமா உருகி ஜெபிக்கிறாள்!' என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. பக்கத்துப் பாறையில் இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'ஆமென்' வேறு சொன்னாள்.

அங்கே அவளோ பாசியில் வழுக்கி விழுந்து, கால் எலும்பு முறிந்து, உதவிக்குக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏ, யாரு அங்கன? உங்க ஆளு ஒண்ணு இங்கன விழுந்து கெடக்கு!" என்று ஒரு ஆண்குரல் கேட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ஓடையில் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். தோழியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் புருஷனும் கொழுந்தனும். எங்கள் ஊர் நெசவுக் குடும்பம்தான். காட்டுக்குள் இருக்கிற தங்கள் குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிற வழியில், அழுகுரல் கேட்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

மலை உச்சி கறுத்திருந்தது. "மேல மழை பிடிச்சிட்டு. தண்ணி எறங்குச்சுன்னா இவுகள அக்கரை சேக்க முடியாது" என்றார் புருஷன். கையில் தூக்கப் பார்த்தோம். தோழி போட்ட அலறலில் கீழே வைத்துவிட்டோம். ராத்திரி முழுக்க இவள் இந்தக் காட்டில் கிடந்தால் பிழைப்பாளா?

அந்தப் பெண் தன் மூட்டையை அவிழ்த்து ஒரு புதுச் சேலையை எடுத்தாள். நல்ல சிவப்பு, மஞ்சள் கரை.

"ஏட்டி, அது அம்மனுக்குள்ளது" என்றார் புருஷன்.

"தெரியும். ஒரு கம்பு வெட்டுங்க" என்றாள்.

மகள் விஷக்காய்ச்சலில் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்டு, சொந்தத் தறியில் நெய்த சேலை என்று பிறகு தெரிந்தது. அதைக் கம்பில் தூளியாகக் கட்டினார்கள். அந்த வலியிலும் என் தோழி, "அக்கா, சாமி சேலை எனக்கு வேண்டாம்" என்றாள் பாருங்கள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னொரு காலையும் நானே முறித்திருப்பேன்.

"உங்கள கட்டிக்கவா சொல்லுதேன்? படுக்கத்தானே சொல்லுதேன். படுங்க தாயி" என்றாள் அந்தப் பெண்.

அண்ணனும் தம்பியும் கம்பைத் தோளில் ஏற்ற, அந்தப் பெண்ணும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நாங்கள் ஓடிவந்தபோதே முட்டளவுக்கு ஏறியிருந்த தண்ணீர் நடு ஓடையில் இடுப்புக்கு வந்துவிட்டது. முள்ளும் பாறையும் சேலையைக் கிழித்தன. நாங்கள் கரையேறிக் கொஞ்ச நேரத்தில் செம்மண் நிறத்தில் வெள்ளம் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. அவர்களுடைய பொங்கல் பானை அக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தது. கோயிலுக்குப் போகும் வழி அவர்களுக்கு அடைபட்டுப் போனது.

முணுமுணுக்காமல் எங்களோடு கீழே இறங்கி, ரோட்டில் ஒரு லாரியை மறித்து, ஆஸ்பத்திரி வரை வந்தார்கள். அங்கே காத்திருந்தபோது அந்தப் பெண்ணிடம் தோழியின் பிடிவாதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். படைத்ததைத் தொடமாட்டாள் என்ற கதையையும் சொன்னேன். கேட்டுச் சிரித்தாள். சேறான சேலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் ஒரு சாயங்காலம், மலையிலிருந்து இறங்கிய கையோடு, ஒரு தூக்குச் சட்டியுடன் அந்தப் பெண் தோழி வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். தோழி லேசாகக் காலைச் சாய்த்து நடந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதே சேலையத்தான் அம்மனுக்குச் சாத்தினோம். கிழிசல எல்லாம் நானே இழை சேத்துத் தச்சேன்" என்றாள் அந்தப் பெண்.

"கிழிந்த சேலையைச் சாத்தலாமா?" என்று கேட்டேன்.

"அவ செய்ய வேண்டிய வேலையத்தானே டீச்சர் அது செஞ்சிருக்கு? கோவிக்க மாட்டா."

தூக்குச் சட்டியைத் திறந்தாள். சர்க்கரைப் பொங்கல். தோழியின் முகம் மாறியது. ஐயோ, கையைக் கட்டிக்கொள்ளப் போகிறாளே என்று பயந்தேன்.

"பயப்படாம சாப்பிடுங்க டீச்சர். படைக்கதுக்கு முந்தியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டேன்" என்றாள் அவள்.

சாமிக்குக் காட்டும் முன் அந்தப் பானையிலிருந்து ஒரு பருக்கைகூட எடுக்க மாட்டார்கள். அது எங்கள் இருவருக்குமே தெரியும். என் தோழிக்காக அந்தப் பெண் அதை மீறியிருந்தாள். தோழி அங்கேயே உட்கார்ந்து, கண்ணீர் வழிய வழிய, சட்டி காலியாகும் வரை சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு, 'நாங்கள் இதைச் செய்ய மாட்டோம்' என்று யார் உறுதியாகச் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கென்று நான் எதைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்றுதான் யோசிக்கிறேன்.