சறுக்குப் பலகைக்குத் தேசிக்காய்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் அஜின்கோர்ட்டில் கார் பழகிய தமிழர்களில் பாதிப் பேர் ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டரிடம் ஏச்சு வாங்கியவர்கள். நானும் அவர்களில் ஒருத்தி. அவரிடம் பழகியவர் லைசென்ஸ் எடுத்துப் புதுக் கார் வாங்கினால், கண்ணூறு கழிக்க எலுமிச்சை, அதுதான் தேசிக்காயோடு, மாஸ்டரே போய்விடுவார். சில்லுக்கு ஒன்றாக வைத்து, நசித்துக்கொண்டு காரை எடுக்கச் சொல்வார். அப்படி எடுத்த கார்களில் சில அடுத்த கிழமையே பின்பக்கம் நெளிந்து வந்தன. தேசிக்காய் வைக்காவிட்டால் ஆளே போயிருக்கும் என்பார். அவரோடு வாதாடி வெல்ல முடியுமா?

மாஸ்டரின் பத்து வயது மகள் சாம்பவி பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு அணியில் சேர்ந்தபோது, "காலை முறிச்சுக்கொண்டு வந்தா ஆர் பாக்கிறது?" என்று கத்தினார். அவள் முதல் மெடலோடு வந்த அன்றே ஊர்ச்சங்க வட்ஸப்பில் படம் போட்டு, 'எங்கட ரத்தத்தில ஊறினது' என்று எழுதினார். யாழ்ப்பாணத்தில் எந்த மலையில் அந்த ரத்தம் ஊறியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இலையுதிர்காலப் போட்டி, பனி விழ முன்பே, செயற்கைச் சரிவில் நடந்தது; நானும் பார்க்கப் போயிருந்தேன். மண்ணைக் குவித்த மேடு, மேலே பிரஷ் போல நிமிர்ந்த பிளாஸ்டிக் விரிப்பு, அது வழுக்குவதற்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். கொடிகளுக்கு நடுவே வளைந்து இறங்க வேண்டும். இரண்டு ஓட்டம். முதல் மூன்று பிள்ளைகளுக்கு மாகாணப் போட்டியில் இடம். அந்த இடத்துக்காகத்தான் சாம்பவி கோடை முழுக்கப் பழகினாள்.

"அப்பா, ப்ளீஸ், ஸ்டார்ட் பக்கம் வராதேங்கோ," என்று காரிலேயே கெஞ்சியிருக்கிறாள்.

"நான் ஏன் அங்க வாறன்?" என்றாராம்.

முதல் ஓட்டத்தில் அவள் இரண்டாவது. வேலியோரம் என்னோடும் மாஸ்டரோடும் நின்ற யோகமலர், மாஸ்டரின் அயல்வீட்டுக்காரி, "என்ன வேகம் அண்ணை! என்ர மகன் கடைசிக்கு முதல்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அந்தப் புகழ்ச்சியால் பிள்ளைக்கு நாவூறு பட்டுவிட்டது என்று மாஸ்டர் தேசிக்காய் எடுக்கக் காருக்கு ஓடினார்.

அங்கே கிடந்த, வேலையாட்கள் போடும் மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஓட்டம் தொடங்கும் மேட்டுக்குப் படியேறினார். மஞ்சள் மேலங்கி போட்டவனை இந்த நாட்டில் யாரும் தடுப்பதில்லை. நடுவர் மக்டலீன் மணிக்கூட்டைப் பார்த்த நேரம், சாம்பவியின் இரண்டு பலகைகளுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காயை வைத்தார்.

"அப்பா, என்ன செய்யிறீங்கள்?"

"அசையாதை. நசிச்சுக்கொண்டு போ."

மணி அடித்தது. கார் ஏறினால் தேசிக்காய் நசியும். சின்னப் பிள்ளையின் பலகைக்கு அது உருண்டது. முதற்கொடிக்கு முன்பே விழுந்தாள். நல்லவேளை, அடி பலமில்லை. மாஸ்டர் அதற்குள் இறங்கி வந்து எங்களோடு நின்றார்.

மக்டலீன் ஒரு தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, சாம்பவியோடு வேலிக்கு வந்தார். பெற்றோர் யாராவது வைத்திருந்தால் அவர் வெளியே போக வேண்டும், பிள்ளை மறுபடி ஓடலாம். பிள்ளையே வைத்திருந்தால் பிள்ளை நீக்கம் என்றார். யார் வைத்தது என்று கேட்டார்.

மாஸ்டர் 'நான்' என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காரில் போய் இருந்திருக்கலாம். ஆனால் வேலி நெடுக ஊர்ச்சங்கத்து ஆட்கள். பிள்ளைக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மேடைக்கு மேடை பேசுகிற மனிதர், தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சாம்பவி அவர் முகத்தையே பார்த்தாள். மக்டலீன் மறுபடி கேட்டார்.

"ஐ டிட்," என்று, தானே வைத்ததாகச் சொன்னாள் சாம்பவி. அவளது இலக்கத் துணியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"ஐயோ, ஏன் பிள்ளை இப்பிடிச் செய்தனி?" என்று யோகமலர் கண்கலங்கினாள்.

மாஸ்டருக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "ஏசாதேங்கோ தங்கச்சி. இங்க பிறந்தும் எங்கட வழக்கத்தை விடேல்லை, பாத்தீங்களே? என்ர வளர்ப்பு!" சங்கத்தார் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

சப்பாத்தின் கொளுக்கியைக் கழற்றிக்கொண்டிருந்த சாம்பவி யோகமலரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்ரி, அது அப்பா வச்சது. நான் பொய் சொன்னனான்," என்றாள். "அவர் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."