பக்கீரின் கணினிக்குள் ஒரு மருமகன்

மருதமுனைத் தறிக்காரர் சீனிமுகம்மதுவின் மூத்த மகள் ஆசியா உம்மா. ஆசியா உம்மாவின் மகள் றிபாவைக் கல்யாணம் முடித்தவர் பக்கீர், சாய்ந்தமருதுக்காரர், கல்முனையில் கணினி திருத்துபவர். ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கே மாப்பிள்ளையாக வந்தார். சுனாமியாகக் கடல் வந்த அன்று றிபாவும் போனாள், வீடும் போனது. பிறகு கட்டிக் கிடைத்த வீட்டுக்கு மாமியார் எத்தனையோ தடவை கூப்பிட்டார். றிபா இல்லாத வீட்டில் தனக்கென்ன உரிமை என்று பக்கீர் கடையின் பின்னறையிலேயே இருந்துவிட்டார்.

றிபா கணினியில் சேலைக்கரை வரைந்தவள். திருத்தக் கடைக்கு வந்திருந்ததால் அந்தக் கணினி மட்டும் தப்பியது. யுத்தம் முடிந்த வருடக் கடைசியில் அதுவும் செத்தது. நெய்யாத கரைகள் பல அதற்குள் கிடந்தன. கேள்விப்பட்டு ஆசியா உம்மா பஸ் ஏறி வந்தார்.

“புள்ளைட கரையெல்லாம் போயிட்டா மகன்?”

“போகல்ல மாமி. எல்லாத்தையும் எடுத்து வைச்சிரிக்கன். ஆனா அதெல்லாம் பழைய விண்டோஸிலதான் திறக்கும். அதுக்குப் புதுக் கணினிட சாமான் ஒண்டும் விளங்காது. புதுசுக்குள்ள பழசை வைச்சு ஓட்டப் பாக்கன்.”

“கணினிக்குள்ள கணினியா? விளங்கச் செல்லுங்க.”

“பழைய விண்டோஸை வந்த மாப்பிள்ளை எண்டு வையுங்களன். வீடு முழுக்கத் தன்ட எண்டு அவருக்கு நினைப்பு.”

“நினைக்கட்டும். வீட்டுத் திறப்புக் கொத்து மாமிட்டத்தானே!”

“அதேதான். முந்தியெல்லாம் அவர்ர ஒவ்வொரு சொல்லையும் பாத்துத் திருத்த ஆள் பின்னால திரியணும். வேலை இழுபடும். இப்ப ப்ரொசெசரே அதுக்கு வழி வைச்சிரிக்கி. மாப்பிள்ளை தன்ட பாட்டில நடப்பார். கணினிட சாமானெண்ட நெல்லு மூட்டையில கை வைச்சா மட்டும் ப்ரொசெசர் அவரை அப்படியே நிப்பாட்டி மாமியக் கூப்பிடும், புது விண்டோஸத்தான் செல்றன். மாமி அளந்து குடுப்பா. மறுகா அவர் விட்ட இடத்திலிருந்து நடப்பார். நிண்டதே அவருக்குத் தெரியாது.”

“ஒங்களுக்கும் ஒண்டும் தெரியாமத்தான் இருந்திச்சு” என்றார் ஆசியா உம்மா. பக்கீர் சிரித்துவிட்டார்.

ஆனால் கணினி சிரிக்கவில்லை. ப்ரொசெசரில் அந்த வசதி இல்லை என்றது. பக்கீர் தொடக்க அமைப்புக்குள் போய்ப் பார்த்தார். வசதி இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. போட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். அதே பதில். திரும்பத் திரும்ப முயன்றும் அதே பதில்தான்.

“சரிவராது போல மாமி” என்றார். ஆசியா உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பக்கீரின் கடையில் மட்டும் போகாது. பேட்டரிப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். கல்முனையே இருண்டாலும் தன் கடை இருளாது என்று பெருமை. அதனால் கடை திறந்த நாள் முதல் அதை அவர் நிறுத்தியதே இல்லை. பெட்டி கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது.

“இதென்ன பச்சப்புள்ளை மாதிரிக் கத்துது! நிப்பாட்டுங்க மகன், தலை இடிக்கி.”

கணினியை மூடி, பெட்டியையும் அணைத்து, வயரைக் கழற்றினார். இருவரும் பிளேன்டீ குடித்தார்கள். கரண்ட் வந்ததும் நம்பிக்கை இல்லாமலே கணினியைப் போட்டார். புதிய திரைக்குள் சின்னதாய் ஒரு சதுரத்தில் பழைய விண்டோஸ் எழும்பியது.

பக்கீருக்கு அப்போதுதான் விளங்கியது. கணினி எழும்பும்போதே அந்த வசதிக்கு ஒரு பூட்டு விழுந்துவிடும். அந்தக் கணினியில் மறுபடி தொடங்குவதால் மட்டும் பூட்டு விலகாது. மின்சாரம் முழுதாக அற்றால்தான் விலகும். அவர் பெருமைக்கு வைத்த பெட்டி பூட்டைத்தான் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

கரைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மாவடிப்பள்ளி வயல் வாய்க்காலைப் பார்த்து றிபா வரைந்த கரை வந்ததும் ஆசியா உம்மா திரையைத் தொட்டார்.

“இது எங்கட வீட்டுத் தறிக்குப் பக்கத்தில இருக்கணும். ஒவ்வொரு கரைக்கும் எனக்கு பஸ் ஏறி வரேலா. ஓட்டத் தெரிஞ்ச ஆளும் வரணும்.”

“றிபா இல்லாத வீட்டில நான் என்னெண்டு மாமி...”

“தன்ட வீடு எண்டு நினைச்சிட்டு இருங்க. திறப்பு என்னட்ட இரிக்கி.”

பக்கீர் கணினியை ஆட்டோவில் ஏற்றினார். பேட்டரிப் பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு, பின்னறைக்குப் போய்ச் உடுத்தும் சாரன் இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.