துடக்குக் கழிந்த கணினி

மூன்று கிழமைக்கு முன் கொடிகாமத்தில் ஒரு பெண் என் பென்ட்ரைவை வாங்கினார். இரண்டு நிமிடம் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

"அண்ணை, உங்கடை கொம்பியூட்டருக்குத் துடக்கு. அது கழியுமட்டும் உங்களிட்டையிருந்து ஒண்டும் வாங்கேலாது."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த நேரம் எங்கள் குடும்பத்தில் உண்மையிலேயே துடக்கு, சாவுத் தீட்டு. அத்தான் — என் அக்காவின் கணவர் — கரவெட்டியில் காலமாகி இருபத்திரண்டு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அக்கா வீட்டாருக்குக் கோயிலும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. முறைப்படி பார்த்தால் பெண்ணின் தம்பியான எனக்கு அந்தத் துடக்கு வராது. என் கணினிக்கு வந்துவிட்டது!

நடந்ததை முதலில் இருந்தே சொல்கிறேன்.

அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு நினைவுப் புத்தகம் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். 'கல்வெட்டு' என்போம். பத்திரிகையில் எழுதுகிறவன் குடும்பத்தில் இருந்தால் அந்த வேலை யார் தலையில் விழும்? என் தலையில்தான். தேவாரம், வாழ்க்கை வரலாறு, கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்த இரங்கல்கள்... அதெல்லாம் இலேசு. எனக்குப் பெரிதாகப் பட்டது அக்கா சொன்ன நான்கு பக்கம்தான்.

அக்கா அதிகம் கதைக்கிற ஆளில்லை. செத்தவீட்டிலும் வாய் திறக்கவில்லை. நான் மூன்று பின்னேரம் லேப்டொப்போடு போய் அவர் பக்கத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் தானாகவே சொல்லத் தொடங்கினார். போரில் இடம்பெயர்ந்த அன்று அத்தான் நகைப்பெட்டியை மறந்துவிட்டு, அக்காவின் தையல் மெஷினின் தலையைக் கழற்றிச் சைக்கிளில் கட்டிய கதை. அதற்காக அக்கா இரண்டு வருடம் அவரோடு சண்டை பிடித்த கதை. அந்த மெஷின்தான் பிறகு வீட்டுக்கே சோறு போட்ட கதை. அக்கா சொல்லச் சொல்ல நான் ரைப் பண்ணினேன். முடிந்ததும் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி ஒருக்கா உதை என்னாலை சொல்லேலாது தம்பி."

அந்த நான்கு பக்கமும் என் லேப்டொப்பில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

நான் ரைப் பண்ணுவது பழைய எழுத்துருவில். அச்சகம் கேட்டது யூனிகோட்டில். மாற்றித்தர ஒரு சொப்ட்வெயார் தேடினேன். முதலில் வந்த தளத்தில் 'முற்றிலும் இலவசம்' என்று பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று பளபளத்தது. அமத்தினேன். என் அன்ரிவைரஸ் குறுக்கே நின்று கத்தியது. 'அன்ரிவைரஸை நிறுத்திவிட்டுப் போடவும்' என்று அந்த மென்பொருள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. நானும் மரியாதையாக நிறுத்தினேன்.

எழுத்து மாறியதா? ஓம், அரைகுறையாக. எல்லாவற்றையும் பென்ட்ரைவில் போட்டுக்கொண்டு கொடிகாமத்துக்கு பஸ் ஏறினேன்.

அச்சகம் நடத்துகிறவர் சுகந்தி. நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து சொல்லில் முடிவதை ஆறு சொல்லில் சொல்லமாட்டார். யார் பென்ட்ரைவ் கொண்டுவந்தாலும் மூலையில் தனியாக இருக்கும் ஒரு பழைய கணினியில்தான் முதலில் செருகுவார். அதற்கு இணைய இணைப்புக் கிடையாது. செருகினார். என் கோப்புறைகள் இருந்த இடத்தில் எல்லாம் வெறும் ஷோட்கட், குறுக்குவழிச் சின்னங்கள். உள்ளே ஒன்றும் இல்லை.

கடைசியாக என்ன போட்டீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அன்ரிவைரஸை நிறுத்தச் சொன்னது யார் என்றார். அதுவேதான் சொன்னது என்றேன்.

"கள்ளன் வந்து, நாயைக் கட்டுங்கோ எண்டால் கட்டுவியளோ அண்ணை?"

அத்தோடு விட்டாரா? அந்த அன்ரிவைரஸ் வாங்கியதா என்றும் கேட்டார். எப்படிச் சொல்வேன்... அதுவும் யாரோ பூட்டு உடைத்துத் தந்த களவுப் பிரதி. என் வீட்டுக் காவல்நாயே களவு நாய்! அதையும் சொன்னேன். அப்போதுதான் துடக்கு என்ற அந்தச் சொல் வந்தது. ஞாயிறு வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும், அதுவரை லேப்டொப்பை நிறுத்தி வைக்கவும் சொன்னார். தான் வரும்வரை ஒன்றையும் அமத்தக்கூடாது என்றார்.

எனக்குக் கோபத்தில் விசர்தான் வந்தது. வழி நெடுகப் புறுபுறுத்தேன். வீட்டுக்கு வந்து லேப்டொப்பைத் திறந்து பார்த்தால், அங்கும் அதே ஷோட்கட். அக்காவின் நான்கு பக்கத்தையும் காணவில்லை. புறுபுறுப்பு அடங்கிவிட்டது. 

போனில் தேடினால் 'அழிந்த கோப்புகளை நொடியில் மீட்டுத் தருவோம்' என்று இன்னொரு பொத்தான்... அதுவும் பச்சை. விரல் போனது. உண்மையைச் சொல்கிறேன், விரல் போனது. சுகந்தியின் முகம் ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அச்சகத்தைப் பூட்டிவிட்டுத் தன் ஸ்கூட்டியில் வந்தார். அவரே கொண்டுவந்த ஒரு டிரைவில் இருந்து என் லேப்டொப்பை இயக்கினார். நான் குசினிக்கும் மேசைக்குமாக நடந்தேன். என் மனைவி போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. கடைசியில் அவர் திரையை என் பக்கம் திருப்பினார். வைரஸ் ஒன்றையும் அழிக்கவில்லை, மறைத்துத்தான் வைத்திருந்தது. தையல் மெஷின் இருந்தது. சைக்கிள் இருந்தது. இரண்டு வருடச் சண்டையும் அப்படியே இருந்தது. நான் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

"நீங்கள் செய்த ஒரே நல்ல காரியம், அதுக்குப் பிறகு ஒண்டும் செய்யாமல் விட்டதுதான்" என்றார் சுகந்தி.

பிறகு கோப்புகளைச் சோதித்து வெளியே எடுத்துவிட்டு, லேப்டொப்பை அடியோடு துடைத்தார். எல்லாம் புதிதாகப் போட்டார். களவுப் பிரதி ஒன்றுகூட இல்லை. எழுதவும் பக்கம் வடிவமைக்கவும் உரிமையோடு இலவசமாகவே மென்பொருள்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றையும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்தில் இருந்தே எடுத்தார். கணினியோடு வருகிற பாதுகாப்பே என்னைப் போன்றவனுக்குப் போதும், அதை நிறுத்தாமலும் அப்டேற்றைத் தள்ளிப்போடாமலும் இருந்தால் சரி என்றார். முக்கியமானவற்றைத் தனியாக ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி அலுமாரியில் வைக்கச் சொன்னார். என் கணக்கில் இருந்து புதிதாக ஒன்றையும் நிறுவ முடியாதபடியும் செய்துவிட்டார். கடவுச்சொல் என் மனைவியிடம்!

யோசித்துப் பாருங்கள். நாங்கள் கத்தரிக்காயை உருட்டிப் பார்க்காமல் வாங்குவோமா? ஒரு சம்பந்தம் வந்தால் மூன்று தலைமுறை விசாரிக்கிறோம். ஆனால் வீட்டின் முழு இரகசியமும் இருக்கிற கணினிக்குள் ஒருவனை விடும்போது மட்டும், 'நீ ஆர், எந்த ஊர்?' என்று கேட்பதில்லை. பொத்தான் பச்சையாக இருந்தால் போதும்.

கல்வெட்டு நேரத்துக்கு வந்தது. அந்தியேட்டியன்று சனம் சாப்பிட்டுப் போனபிறகு அக்கா தன் நான்கு பக்கத்தையும் விரல் வைத்து வாசித்தார். அப்போதுதான் நடந்ததெல்லாம் அவருக்குச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே கடைசிப் பக்கத்துக்குப் போனார். அது 'நன்றி நவிலல்' — பந்தல் போட்டவர், மலர்வளையம் வைத்தவர் என்று எல்லோருடைய பெயரும் வருகிற பக்கம். மேலிருந்து கீழே இரண்டு தரம் பார்த்தார்.

"என்ரை மனுசனை எனக்குத் திருப்பித் தந்த பிள்ளையின்ரை பேர் எங்கை?"

நான் எழுதித்தான் கொடுத்திருந்தேன். அச்சில் இல்லை. சுகந்தியிடம் கேட்டேன். "அது உங்கடை வீட்டுத் துக்கம் அண்ணை. உதுக்குள்ளை என்ரை பேர் எதுக்கு?" — தானே வெட்டியிருக்கிறார்.

சரி. ஆனால் நான் இதை எழுதுகிற பத்திரிகை அவருடைய அச்சகத்தில் அடிப்பதில்லையே... அக்காவின் சார்பில்: நன்றி, சுகந்தி.