ரோஜா நிறம் போகும்வரை

புனலிலிருந்த பொடியின்மேல் எட்டாவது முறையாக அமிலத்தை ஊற்றிவிட்டு, புனலுக்கடியில் சொட்டியதை ராஜாத்தி சோதனைக் குழாயில் பிடித்தாள். கொஞ்சம் அம்மோனியா, நிக்கல் இருந்தால் நிறம் காட்டும் மருந்து ஒரு சொட்டு. நீர் ரோஜா நிறமானது. “இன்னும் உள்ளயே குந்திகினு கீது பாரு, சனியன்” என்று நிக்கலைத் திட்டினாள்.

விம்கோ நகர் முலாம் பட்டறையில் கண்ணாடிச் சாமான் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி அவள். புளியந்தோப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். படிப்பு எட்டாவது. கழிவுநீரிலிருந்து நிக்கல் அயனியை மட்டும் பிரித்தெடுக்கும் பாலிமர் பொடியைப் பற்றி, அதைச் செய்து கொடுத்த பேராசிரியரைவிடச் சுருக்கமாகச் சொல்வாள்: “பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல? பொடி செய்யசொல்லோ நிக்கல உள்ள போட்டு எடம் புடிச்சி வெச்சிட்டாங்க. அங்க வேற எவனும் குந்த முடியாது. ஆனா துண்ட எடுத்தாத்தான நைனா ஆளு குந்தும்?”

அமிலம் ஊற்றி அந்தத் துண்டை எடுப்பதுதான் அவள் வேலை. கையுறை கேட்டுப் போன வருடம் ஒன்று கிடைத்தது, இடது கைக்கு.

இடுப்பில் புதிதாகச் செல்போன் தொங்கும் முதலாளி வேதமாணிக்கம் சாத்தான்குளத்துக்காரர். பொடியை அடைக்கப்போகும் கண்ணாடிக் குழாய்க்குப் பாஸ்டரை வைத்து ஜெபம் பண்ணியாகிவிட்டது. ‘நஞ்சில்லா ஆலை’ என்று வாசலில் பலகையும் மாட்டியாகிவிட்டது. கழுவி முடிப்பதுதான் பாக்கி. பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து, குழாயிலிருந்து வெளிவரும் நீரைப் பிடித்துச் சோதிப்பார்கள். நிக்கல் இருந்தால் பட்டறைக்குச் சீல். நாற்பது பேருக்கு வேலை போகும்.

பத்தரைக்கே ஜீப் சத்தம். கதவிடுக்கில் முதலாளியின் தலை.

“என்னத்தம்மா இன்னும் கழுவுத? பொடியக் குழாய்ல போடு!”

“ரோஸு காட்டுது சார். இப்ப போட்டா, உள்ள போற தண்ணியவிட வெளிய வர்ற தண்ணியில நிக்கலு ஜாஸ்தியா இருக்கும்.”

“நிக்கல் பிடிக்கிற பொடியில நிக்கல் இருந்தா என்னங்கேன்? சாம்பார்ல பருப்பு கெடந்தா குத்தமா?”

“உங்க வூட்டு சாம்பார சர்க்காரு வந்து டெஸ்ட்டு பண்ணாது சார்.”

வராந்தாவில் காலணிச் சத்தம். வேதமாணிக்கம் சிரித்த முகத்தை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். ராஜாத்தி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கதவு தட்டப்பட்டது. மறுபடியும், பலமாக.

“துணி மாத்திகினு கீறேன் சார்!”

வெளியே அத்தனை ஆண்களும் அவசரமாகப் பின்வாங்கும் ஓசை கேட்டது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுத்த குடுவை அமிலத்தைப் பொடியின்மேல் ஊற்றத் தொடங்கினாள், நிதானமாக, சொட்டுச் சொட்டாக.