ரத்தினபாய் அக்கா பார்க்காமல் போனது

கூடுவாஞ்சேரியில் யார் வழி கேட்டாலும் கூகுளுக்கு முன்னால் எங்கள் தெரு ரத்தினபாய் அக்கா சொல்லிவிடுவார். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை. தினமும் மின்சார ரயில். பிளாட்பாரத்தில் யாரோ யாரிடமோ "இந்த வண்டி செங்கல்பட்டு போகுமா?" என்று கேட்டால், நாலு பேர் தள்ளி நிற்கும் அக்காவிடமிருந்து பதில் வரும். கூடவே, அங்கே யாரைப் பார்க்கப் போகிறாய் என்ற விசாரணையும் வரும்.

அப்படிப்பட்டவரைப் பிடித்து, கண்டுகொள்ளாமல் போகிற பெண்ணாக நடிக்கச் சொன்ன புண்ணியவான் டைரக்டர் சிட்டிபாபு.

ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அவர் டிவிக்காக மறுபடி எடுத்துக்கொண்டிருந்தார். வேலை தேடி வரும் வெள்ளந்திப் பையன் ஸ்டேஷன் வாசலில் துண்டுச்சீட்டை நீட்டி வழி கேட்கிறான். பட்டணம் அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய படத்தில் எழும்பூரில் இறங்கினான். இப்போது பட்ஜெட் அவனைத் தாம்பரத்திலேயே இறக்கிவிட்டது. இந்தக் காலத்தில் எவன் துண்டுச்சீட்டோடு அலைகிறான் என்று யாரோ கேட்டதற்கு, "போன்ல சார்ஜ் இல்ல" என்று ஒரு வசனம் சேர்த்தார்கள்.

அக்காவுக்கு மூன்று நொடி. முகம் நன்றாகத் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். லீவு போட்டு, சர்ச்சுக்குக் கட்டும் பட்டுப்புடவை கட்டி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பை பிடிக்க நான்.

முதல் டேக். "அம்மா, இந்த அட்ரஸ் எங்க இருக்கு?" என்றான் கதாநாயகன் எபி.

"இது கிழக்குத் தாம்பரம் கண்ணு. நீ மேற்குல நிக்கிற. பாலம் ஏறி அந்தாண்ட எறங்கு."

"கட்!"

இரண்டாவதில் வாய் மூடியிருந்தது, கை பாலத்தைக் காட்டியது. மூன்றாவதில் தாண்டிப் போனவர் நின்று உச்சுக்கொட்டினார். நான்காவதில் "சாப்ட்டியாப்பா?" என்றார். ஐந்தாவதில் சீட்டையே பிடுங்கிப் படித்தார்.

"இன்னா சார், புள்ள வாய் வுட்டுக் கேக்குது. எப்டி சார் கம்முனு போறது?"

"இன்னும் ஒரே டேக்மா. வரலைன்னா வேற ஆளப் போட்டுடுவேன்" என்றார் சிட்டிபாபு.

அக்கா முகம் செத்துவிட்டது. தெருவில் எந்த மூஞ்சியோடு போய் நிற்பது?

இடைவேளையில் எபி குடைக்கடியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். அதில் சார்ஜ் தாராளமாக இருந்தது. வெயிலில் வாடிய பிள்ளை என்று அக்கா பாட்டிலை நீட்டினார்.

"தம்பி, மோர் குடிக்கிறியா?"

அவன் நிமிர்ந்தான். அக்கா நின்ற இடத்தில் யாருமே இல்லாதது போல் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். "தம்பி" என்று இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அசையவில்லை. பாட்டிலை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். பார்த்த எனக்கு அவமானமாக இருந்தது. ஓங்கி ஒன்று விடலாமா என்றும் இருந்தது.

ஆறாவது டேக். "அம்மா, இந்த அட்ரஸ்..."

அக்கா நிமிர்ந்தார். அவன் நின்ற இடத்தில் யாருமே இல்லை. போய்விட்டார்.

"அம்மா?" என்றான் எபி மறுபடியும். அது ஸ்கிரிப்டில் கிடையாது. குரல் நிஜமாகவே உடைந்திருந்தது. அன்று முழுக்க அவன் உருப்படியாக நடித்தது அந்த ஒரு சொல்தான்.

சிட்டிபாபு துள்ளினார். "ஓகே! எங்கம்மா புடிச்சீங்க இந்தப் பார்வைய?"

"இதோ கீறாரே, தம்பி. அவராண்டதான் சார்."

யூனிட்டே சிரித்தது. எபி சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து அக்கா பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆன்ட்டி... மோர் இருக்கா?"

அக்கா அவனைப் பார்க்கவில்லை. ஒரு நொடி. இரண்டு. கேமரா இல்லாமல் மூன்றாவது நொடி அவரால் தாங்க முடியவில்லை.

"கீது. குட்ச்சிட்டு பாட்டிலக் கழுவிக் குடு."