வலி போய்விட்டதாகச் சொன்ன நாள்

நான் கீழே விழுந்து என் முதுகு கெடவில்லை. ஒரு காலையில், தொழிற்சாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று குளியலறையில் வாளியைத் தூக்கக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. இடுப்பிலிருந்து இடது கால் சுண்டுவிரல் வரைக்கும் யாரோ சூடான கம்பியை உருவியதுபோல் இருந்தது. வாளியின் விளிம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கீழே பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அதன் பிறகு அந்த பஸ்ஸில் நான் ஏறவே இல்லை.

பதினேழு வருஷம் அந்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நின்றபடியே வேலை பார்த்தவள் நான். பச்சைத் தகடுகளில் பொடிப் பொடிச் சாமான்கள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று லென்ஸ் வழியே குனிந்து பார்க்கும் வேலை. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் என் அம்மா வெயிலில் கூலி வேலை செய்து பட்ட பாட்டை நினைத்தால், குளிர்சாதன அறையில் நிற்பதை ஒரு பாடு என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். வலி அப்போதே அவ்வப்போது எட்டிப் பார்த்தது. தைலம் தேய்த்துக்கொண்டு போய்விடுவேன்.

அரசாங்க மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டு ஒன்று பிதுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம், மாத்திரை எடுங்கள், பிசியோதெரபி பயிற்சிப் பிரிவுக்கு எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். என் கணவரின் காதில் பிதுங்கியிருக்கிறது என்ற சொல் மட்டும்தான் விழுந்தது.

"எலும்பு வெலகிப்போச்சு. நீ பாட்டுக்கு ஆட்டுனா நரம்பு அறுந்துடும். அசையாம படு. மத்தத நான் பாத்துக்கிறேன்," என்றார்.

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். அதைக் குறை சொல்ல முடியாது. அவர் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறார். விடிவதற்கு முன் எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்து, பிளாஸ்கில் பால் கலக்காத வரக்கோப்பி ஊற்றி என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார். நான் கூட்டிப் பெருக்கிவிடுவேனோ என்று விளக்குமாற்றை பால்கனியில் வைத்துக் கதவைப் பூட்டினார். எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. ஒரே மகள் ஜொகூரில் வேலை. ஐந்து மாதம் நான் அந்தக் கட்டிலில் கிடந்தேன்.

படுத்தே இருந்தால் வலி குறையும் என்பது படுக்காதவர்களின் எண்ணம். நாளாக ஆக, திரும்பிப் படுப்பதே பெரிய காரியமாகிவிட்டது. முதலில் முழங்கால், பிறகு தோள், கடைசியில் இடுப்பு என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புவேன். தும்மல் வந்தால் பயம். கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிக்கப் பயம். ஜன்னலில் எதிர் பிளாட்டின் துணி காயும் கழிகள் மட்டும் தெரியும். எந்த வீட்டில் என்றைக்குத் துவைக்கிறார்கள் என்பதுகூட எனக்கு அத்துப்படி. மாலையில் அவர் வந்து, "இன்னிக்கி எந்திரிக்கலதானே?" என்று கேட்பார். இல்லை என்றால் முகம் மலரும். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். இவ்வளவு செய்கிறவர் மேல் எரிச்சல் படுகிறோமே என்று அதற்கு வேறு குற்ற உணர்ச்சி.

பயிற்சிப் பிரிவுக்குப் போக வேண்டிய நாள் வந்தபோது என்னைப் பாதி தூக்கியபடிதான் கீழே இறக்கினார். அங்கே இருந்தது என் மகள் வயதுள்ள ஒரு மலாய்ப் பெண். என்னை 'காக்' என்று அழைத்தாள். மலாயில் அக்கா. கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்:

"எதுக்கு காக் ரொம்ப பயப்படுறீங்க?"

எங்கே வலிக்கிறது என்றுதான் அதுவரை எல்லாரும் கேட்டிருந்தார்கள். எனக்கு மலாய் நன்றாக வரும். நரம்பு அறுந்துவிடும் என்று அதிலேயே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. 'ஸாகிட்' வேறு, 'ரோசாக்' வேறு என்றாள். வலிப்பது வேறு, கெட்டுப்போவது வேறு. உங்கள் வலி நிஜம், ஆனால் வலிக்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை, அசையாமல் கிடந்து கிடந்து தசை சோர்ந்துவிட்டது என்றாள்.

அன்று கற்றுக்கொடுத்தது நான்கே அசைவுகள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பைத் தரையோடு மெதுவாக அழுத்தி விடுவது. மடக்கிய காலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சாண் அளவு சாய்ப்பது. சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. பிறகு வீட்டு வாசல் நடையில் மூன்று நிமிஷம் நடப்பது. மூச்சை அடக்கக்கூடாது. வலி குறைந்த நாளிலும் மூன்று நிமிஷம்தான், கூடிய நாளிலும் ஒரு நிமிஷமாவது. "பெலான் பெலான்," என்றாள். மெல்ல மெல்ல.

இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டேன். லோரி பழுதென்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டவர், நான் கூடத்துத் தரையில் முழங்காலை மடக்கிக் கிடப்பதைப் பார்த்து, விழுந்துவிட்டேன் என்று நினைத்து அலறியடித்து ஓடி வந்தார். விழவில்லை, பயிற்சி என்றதும் முகம் கறுத்துவிட்டது.

"அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்? படிச்சிட்டு நேத்து வந்ததுலா. நாளைக்கி உனக்கு ஒன்னு ஆச்சின்னா அவளா வந்து தூக்குவா?"

அதன் பிறகு அவர் போன பின்புதான் செய்வேன். மாடி நடையில் கேட்கும் காலடிக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, என் சொந்த வீட்டுத் தரையில் திருடியைப்போல் இடுப்பை அசைத்தேன். இருந்தும் மூன்றாம் வாரத்தில் திரும்பிப் படுக்க ஒத்திகை தேவைப்படவில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாங்கள் போகும் சபையிலிருந்து ஜெபிக்க வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏழெட்டுப் பேர். பாஸ்டரம்மா என் முதுகில் கை வைத்தார். எல்லாரும் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தார்கள். நானும் உண்மையாகத்தான் ஜெபித்தேன். முடிந்ததும் அவர் குனிந்து கேட்டார்:

"இப்ப எப்படிம்மா இருக்கு?"

அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. சுவரோரம் நின்றிருந்த கணவரின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன. வலி அப்படியேதான் இருந்தது.

"லேசா இருக்குங்க," என்றேன். போதாது போலிருந்தது. "போயிட்ட மாதிரி இருக்கு."

ஸ்தோத்திரம் என்றார்கள். கணவர் குழந்தைபோல் விம்மி அழுதார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த அழுகைக்குப் பிறகு வார்த்தையைத் திரும்ப வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்னால் அழைத்து, குணமானதைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கட்டில் ஒரு சிறை என்று நினைத்திருந்தேன். இது அதைவிட இறுக்கமாக இருந்தது. குணமானவள் முகம் சுளிக்கக்கூடாது. கைப்பிடியைப் பிடித்து மாடிப்படி ஏறக்கூடாது. பயிற்சிப் பிரிவில் அடுத்த தேதி வந்தபோது கணவர் தேதி எழுதிய அட்டையை மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டார். "குணமாக்குன ஆண்டவர சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்," என்றார். பால்கனிக் கதவு திறந்தது. விளக்குமாறு என் கைக்கு வந்தது. முன்பு அசையக்கூடாது என்று அவர் சொன்னதால் ஒளிந்து செய்தேன். இப்போது அந்த நான்கு அசைவுகளைச் செய்வதே நான் பொய்க்காரி என்பதற்குச் சாட்சி ஆகிவிடும் என்று குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்துச் செய்தேன். தரையில் படுக்க இடமில்லை. பாதிதான் செய்ய முடிந்தது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பின் சபைச் சமையலறையில் சோற்று அண்டாவின் ஒரு காதைப் பிடிக்கச் சொன்னார்கள். முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சாட்சி சொன்ன வாய் அது. பிடித்தேன். மேசைக்குப் போவதற்குள் அதே சூட்டுக் கம்பி. அண்டாவை எப்படியோ கீழே இறக்கிவிட்டு, சிமெந்துத் தரையில் சரிந்துவிட்டேன்.

பெண்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். தூக்குங்கள் என்றது ஒரு குரல். "விசுவாசம் கொறஞ்சிடுச்சோ என்னமோ," என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டேன். தொடாதீங்க என்றேன். அவ்வளவு பேர் பார்க்க, மல்லாந்து படுத்து, சேலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினேன். இடுப்பை மெதுவாகத் தரையில் அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் வழிந்தது.

பாஸ்டரம்மா மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்னம்மா பண்ற?"

"ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தது. அன்னிக்கி எனக்கு வலி போவலங்கம்மா. நான் பொய் சொன்னேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன்."

அவர் என் கால்மாட்டில் விலகியிருந்த சேலையை இழுத்து மூடிவிட்டார். பிறகு சொன்னார்:

"ஜெபிச்சி முடிச்ச கையோட எப்படி இருக்குன்னு கேட்டது நான். அத்தன பேரு நிக்கிறப்ப நீ வேற என்னத்த சொல்லுவ? அந்தக் கேள்விய நான் கேட்டிருக்கக் கூடாதுமா."

இருபது நிமிஷம் போல அப்படியே இருந்தோம். பிறகு அவர் தோளைப் பிடித்து, ஒருக்களித்து, எழுந்து உட்கார்ந்தேன்.

வீட்டில் நடந்தது அவ்வளவு எளிதாக இல்லை. நான் சரிந்தது அதற்குள் சபை முழுக்கப் பரவி கணவரின் காதுக்கும் வந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து தொலைக்காட்சியைப் போடாமலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ரெண்டு மாசமா வலிதானா?"

"ஆமா."

"ஊருக்கே தெரிஞ்சப்பறம்தான் எனக்குத் தெரியணுமா?"

"உங்க மூஞ்சியப் பாத்துதாங்க அன்னிக்கி அப்படிச் சொன்னேன். நீங்க கும்புட்ட கைய எறக்கவே இல்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு, கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷத்தில் எனக்குச் சொல்லாத ஒன்றைச் சொன்னார். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் அவருடைய அப்பா லோரியிலிருந்து விழுந்த அன்று, எழுந்து நின்று பாருங்கள் என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டது அவர்தான். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பா அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

"நான் தூக்குனதாலதான்னு இன்னி வரைக்கும் நெனச்சிக்கிட்டிருக்கேன்," என்றார்.

இப்படி ஒன்றை இத்தனை வருஷம் உள்ளே வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினார் என்று தெரியவில்லை. நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்க நினைத்தேன். முதுகு விடவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "அது ஒங்க தப்பு இல்லங்க," என்றேன். மறுநாள் அந்த அட்டை வேதாகமத்திலிருந்து வெளியே வந்து மேசைமேல் இருந்தது.

தேதி தவறியதால் மறுபடி காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த முறை அவரையும் உள்ளே கூப்பிட்டாள் அந்தப் பெண். கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். நான் அவளிடம் நேராகவே கேட்டேன், இது எப்போது முடியும் என்று. முழுசாகப் போகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் காக், வலி இருக்கும்போதே நீங்கள் செய்கிற காரியங்களைக் கூட்டலாம், அதற்குத்தான் இது என்றாள். மனது உடைந்துதான் போனது. ஆனால் என் வலியைப் பற்றி யாரும் என்னிடம் அவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான்கு அசைவுகள் எட்டாகியிருக்கின்றன. கூடத்துத் தரையில் பாய் விரித்தே கிடக்கிறது, யாரும் சுருட்டுவதில்லை. பன்னிரண்டு நிமிஷம் நடக்கிறேன். கணவர் கைப்பேசியில் நேரம் பார்ப்பார். நன்றாக இருக்கிறதே என்று நான் ஒரு நிமிஷம் கூடுதலாக நடந்தால், "போதும்லா, நிறுத்து," என்பார். பழைய குரல்தான். அதைக் கேட்டால் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும். வேலைக்குத் திரும்ப முடியவில்லை. சபையில் யாரும் என்னிடம் அண்டாவைத் தருவதில்லை. சிலர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். பாஸ்டரம்மா மட்டும் வாசலருகே எனக்கென்று ஒரு முதுகு வைத்த நாற்காலியைப் போடச் சொல்லியிருக்கிறார். நடுவில் எழுந்து நின்றாலும் நடந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

சில ஞாயிறு மாலைகளில் கடலோரம் உம்பாய்ப் பக்கம் காடியில் ஏற்றிக் கூட்டிப் போகிறார். படகுகள் வந்து நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, மேடு பள்ளமில்லாத பாதையில் நடப்பேன். காற்றில் மீன் சுடும் வாசனை வரும். போன வாரம் போனபோது கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைக்கு முடியாது என்று. வழியெல்லாம் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு பூட்டிக்கொண்டது. காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அவர் போய் மீனைப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தார். கண்ணாடிக்கு வெளியே சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் இருக்கையைக் கொஞ்சம் சாய்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தை முன்னும் பின்னும் அசைக்கத் தொடங்கினேன். அவர் மீனில் முள் எடுத்து என் பக்கம் நகர்த்திவிட்டு, கைப்பேசியைப் பார்த்து, ஒரு நிமிஷம் ஆயிடுச்சு என்றார்.